கணினியில் இணையத் தடங்களை அழிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைமாற்றும் முன் பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டியில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். உங்கள் வங்கி, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த லேப், மகளுக்கு வரன் தேடிய தளம், போன மாதம் விசாரித்த நகைக்கடன் என்று வரிசையாக வந்து நிற்கும். வாங்குகிறவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வேறு எதையோ தேடத் தொடங்கினாலே உங்கள் குடும்பக் கதை அவர் கண்ணில் பட்டுவிடும்.

"அதான் ஹிஸ்டரியை அழித்துவிட்டேனே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஹிஸ்டரி என்பது பல தடங்களில் ஒன்றுதான். பிரவுசருக்குள் சில, விண்டோஸின் மூலைமுடுக்குகளில் சில, டிஸ்க்கின் அடியில் சில, எங்கோ இருக்கும் சர்வர்களில் சில என்று அவை சிதறிக் கிடக்கின்றன. இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம்மில் அதிகம் பேர் வைத்திருப்பது விண்டோஸும் குரோமும் என்பதால் அவற்றை ஒட்டியே எழுதுகிறேன். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர் சற்று மாறலாம். செய்ய வேண்டிய வேலை மாறாது.

## முதலில்: எப்போது அழிக்கக் கூடாது?

இணைய மோசடியில் பணம் போயிருந்தால் எதையும் அழிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஏமாந்த கோபத்திலும் அவமானத்திலும் பலர் முதலில் செய்வது அந்தத் தளம், அந்த சாட், அந்த மெயில் எல்லாவற்றையும் துடைத்துப் போடுவதுதான். எந்த லிங்க்கை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்பதற்கு உங்கள் ஹிஸ்டரிதான் சாட்சி. போலித் தளத்தின் முழு முகவரி, பரிவர்த்தனை எண், உரையாடல்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். போலீஸ் விசாரணையோ நீதிமன்ற வழக்கோ நடக்கும்போது அதற்குச் சான்றாகக் கூடியதை அழிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டுக்குள்ளேயே உங்களைக் கண்காணிக்கும் ஒருவருக்குப் பயந்து உதவி தேடுகிறீர்களா? அப்படியானால் ஹிஸ்டரி மொத்தத்தையும் துடைப்பது ஆபத்து. வெறுமையான பட்டியலே சந்தேகத்தைக் கிளப்பும். அந்த ஒரு தளத்தின் வரிகளை மட்டும் நீக்குங்கள். முடிந்தால் நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து தேடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

## படி 1: பாஸ்வேர்டுகளைக் காப்பாற்றுங்கள், பிறகு லாக் அவுட்

துடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள் நிறையப் பேர். குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்தால், இங்கே அழிப்பது உங்கள் போனிலும் அழியும். ஆகவே முக்கியமான பாஸ்வேர்டுகள் வேறோர் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினியை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் சிங்க்கை நிறுத்திவிட்டுப் பிறகு அழிப்பதுதான் சரியான வரிசை.

அடுத்தது லாக் அவுட். குக்கீயை அழித்தால் தானாக வெளியேறிவிடுவோமே, தனியாக எதற்கு லாக் அவுட் என்று தோன்றலாம். குக்கீ என்பது நீங்கள் உள்ளே நுழைந்ததும் அந்தத் தளம் உங்கள் கணினியில் வைக்கும் அனுமதிச் சீட்டு. அதை உங்கள் பக்கம் கிழித்துப் போட்டாலும், தளத்தின் சர்வரில் அந்த அனுமதி உயிரோடு இருக்கலாம். அந்தச் சீட்டின் நகலை ஒரு வைரஸ் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தால், பாஸ்வேர்டே தெரியாமல் ஒருவர் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். லாக் அவுட் பட்டனை அழுத்தினால், ஒழுங்காகக் கட்டப்பட்ட எந்தத் தளமும் சர்வர் பக்கமும் அந்த அனுமதியை ரத்து செய்துவிடும். ஆகவே மெயில், வங்கி, சமூக ஊடகம், ஷாப்பிங் என்று ஒவ்வொன்றிலிருந்தும் முறையாக வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து வைத்திருப்பவர்கள், போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியின் பெயரைத் தொட்டு வெளியேற்றுங்கள்.

## படி 2: பிரவுசருக்குள் சுத்தம்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்கும் ஒரே குறுக்குவழி: கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அழிப்பதற்கான பெட்டி திறக்கும்.

முதலில் கால அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 'கடந்த ஒரு மணி நேரம்' என்பது போலக் குறுகிய காலம்தான் அதில் தேர்வாகி இருக்கும். அதைக் கவனிக்காமல் டெலிட்டை அழுத்துகிறவர்களுக்கு நேற்றுவரை பார்த்தது எல்லாம் அப்படியே மிஞ்சும். 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள். 'எவ்ரிதிங்' என்று இருந்தாலும் அதுவே.

பிறகு டிக் பெட்டிகள். 'பிரவுசிங் ஹிஸ்டரி' என்பது போன தளங்களின் பட்டியல். குரோம் தன் ஹிஸ்டரி பக்கத்தில் கடைசி 90 நாள்களுக்கானதைக் காட்டும். 'குக்கீஸ்' பற்றி மேலே சொன்னேன். 'கேச்' என்பது தளத்தை அடுத்த முறை வேகமாகத் திறக்க பிரவுசர் எடுத்து வைத்த படங்களும் கோப்புகளும். பட்டியலில் தளத்தின் பெயர் இல்லாவிட்டாலும் அதன் படங்கள் கேச்சில் கிடக்கும் என்பதால், ஹிஸ்டரியை மட்டும் அழிப்பது அரைகுறை வேலை.

பலரும் விட்டுவிடுவது 'ஆட்டோஃபில்'. படிவங்களில் நீங்கள் தட்டிய பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் இதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கார்டு விவரத்தையும் சேமித்திருந்தால் செட்டிங்ஸில் பணம் செலுத்தும் முறைகள் பகுதியில் தனியாகப் பார்த்து நீக்குங்கள். குரோமில் 'அட்வான்ஸ்டு' அல்லது 'மோர்' என்ற இடத்தைத் திறந்தால்தான் ஆட்டோஃபில்லும் 'சைட் செட்டிங்ஸ்'ஸும் கண்ணில் படும். கேமரா, மைக், நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் சைட் செட்டிங்ஸில் இருக்கிறது. அதுவும் நீங்கள் எங்கே போனீர்கள் என்பதற்கான தடம்தான்.

ஒரே ஒரு தளத்தின் தடத்தை மட்டும் நீக்க நினைத்தால் ஃபயர்ஃபாக்ஸில் வசதி அதிகம். ஹிஸ்டரி பட்டியலில் அந்தத் தளத்தின் மீது வலது கிளிக் செய்து 'ஃபர்கெட் அபௌட் திஸ் சைட்' கொடுத்தால் ஹிஸ்டரி, குக்கீ, கேச் எல்லாம் ஒன்றாகப் போகும். அந்தத் தளத்துக்குச் சேமித்த பாஸ்வேர்டும் கூடவே போய்விடும், கவனம். குரோமில் ஹிஸ்டரி பக்கத்தின் தேடல் பெட்டியில் தளத்தின் பெயரைத் தட்டி, வரும் வரிகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். அதன் குக்கீயைச் செட்டிங்ஸில் தனியாக நீக்க வேண்டும். முகவரிப் பட்டியில் தட்டும்போது வந்து நிற்கும் ஒற்றைப் பரிந்துரையை மட்டும் விலக்க, கீழ் அம்புக்குறியால் அதன் மேல் போய் ஷிஃப்டும் டெலிட்டும் அழுத்தினால் போதும். அப்படியும் போகாவிட்டால் அது புக்மார்க்கில் இருக்கக்கூடும்.

இதை எல்லாப் பிரவுசரிலும் செய்யுங்கள். குரோமை மட்டும் துடைத்துவிட்டு, பிடிஎஃப் திறக்க எப்போதோ பயன்படுத்திய எட்ஜை மறந்துவிடுவது சகஜம்.

## படி 3: பிரவுசருக்கு வெளியே

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து. பார்த்த தளத்தின் பெயர் வெளியே தெரிவது சங்கடம். இறக்கிய கோப்பு இன்னொருவர் கையில் சிக்குவது நஷ்டம்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, ஹால் டிக்கெட், மருத்துவ அறிக்கை எல்லாம் வருடக்கணக்கில் குவிந்திருக்கும். அவற்றில் இ-ஆதார் பிடிஎஃப் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். பாஸ்வேர்டு போட்டுத்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். அந்தப் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் நீங்கள் பிறந்த ஆண்டும். பக்கத்திலேயே கிடக்கும் பயோடேட்டாவில் இரண்டும் இருக்கும். ஒரே ஆவணத்தைத் திரும்பத் திரும்ப இறக்கியிருந்தால், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் போட்ட நகல்களும் இருக்கும். அவற்றையும் விடாதீர்கள். பிரவுசரில் 'டவுன்லோட் ஹிஸ்டரி'யை அழித்தால் பட்டியல்தான் போகும், கோப்பு அங்கேயே இருக்கும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள்.

வேண்டியதைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு மற்றதை அழியுங்கள். பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், அங்கே தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கிறது. தனிநபர் கணக்கில் அழித்த கோப்பு அதில் 30 நாள் தங்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டிக்கும் அதே 30 நாள்தான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் தற்காலிகக் கோப்புகளையும் படங்களின் சிறு உருக்களையும் மொத்தமாக நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பெட்டியும் உண்டு. அதில் டிக் போட்டால் ஃபோல்டர் மொத்தமும் காலியாகும். வேண்டியதை எடுத்து வைத்த பிறகே தொடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பெட்டியில் பிரைவசி என்ற பகுதியில் இருக்கும் 'கிளியர்' பட்டன், சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலை நீக்கும். விண்டோஸ் விசையோடு 'வி' எழுத்தை அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு ஹிஸ்டரி இயக்கத்தில் இருந்தால், காப்பி செய்த பாஸ்வேர்டுகள்கூட அங்கே வரிசையாகத் தெரியும். 'கிளியர் ஆல்' கொடுங்கள்.

தளங்களின் பெயரை இணைய முகவரி எண்ணாக மாற்றும்போது விண்டோஸ் ஒரு சிறு குறிப்பும் வைத்துக்கொள்கிறது. அதற்கு டிஎன்எஸ் கேச் என்று பெயர். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் அது போய்விடும். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட்டே கொடுங்கள். பல கணினிகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்குவதால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நினைவின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது.

## படி 4: அழித்தது உண்மையில் அழிந்ததா?

ஒரு கோப்பை அழித்தால் கணினி அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. பட்டாவில் பெயரை அடித்தாயிற்று. வீடு அப்படியே நிற்கிறது. புதிதாக ஒன்று வந்து அந்த இடத்தில் அமரும் வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே பழையதை எடுத்துக் கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் மெயில்கள், மருத்துவக் குறிப்புகள், ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. விற்றவர்களில் பலர் ஃபார்மேட் செய்துதான் விற்றிருந்தார்கள்.

இனி உங்கள் கணினியில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கைத் தொட்டால் தெரியும். இரண்டுக்கும் வழி வேறு வேறு.

சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், காலி இடத்தின் மேல் வேறு தகவலை எழுதிவிட வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு 'சைஃபர்' என்ற கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சைஃபர் என்ற சொல், ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, சி, மீண்டும் முக்காற்புள்ளி, பின்சாய்கோடு என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். இருக்கும் கோப்புகளைத் தொடாமல், காலி இடத்தின் மேல் மட்டும் மூன்று சுற்று எழுதும். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். 35 முறை மேலெழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் அலட்டிக்கொள்ள வேண்டாம். அது 1996இல் பீட்டர் குட்மன் அக்காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு முழுமையான ஒரு சுற்றே போதும்.

எஸ்எஸ்டிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதன் செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நீங்கள் எழுதுவதை எந்த இடத்தில் வைப்பது என்று அதன் கட்டுப்பாட்டுச் சிப் தானே முடிவு செய்கிறது. பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நாம் நினைப்போம். அது வேறிடத்தில் போய் எழுதியிருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011இலேயே இதைச் சோதித்து, ஹார்டு டிஸ்க்குக்கான தனிக்கோப்பு அழிப்பு முறைகள் எதுவும் எஸ்எஸ்டியில் நம்பத்தக்கதாக இல்லை என்று காட்டினார்கள். விண்டோஸ் 7 முதல் இருக்கும் 'டிரிம்' வசதி, எவை அழிக்கப்பட்ட இடங்கள் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டி தன் வசதிப்படி அவற்றைச் சுத்தம் செய்யும். 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்து ஒரு முறை ஆப்டிமைஸ் கொடுத்தால் அந்தச் செய்தி மறுபடி போகும். அதற்கு மேல் நம் கையில் இல்லை.

அதனால் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அழிப்பதை நம்பாதீர்கள், முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அடியில் மிஞ்சிக் கிடப்பதும் சாவி இல்லாதவருக்கு அர்த்தமற்ற எழுத்துக் குவியல்தான். விண்டோஸ் புரோவில் 'பிட்லாக்கர்', பல ஹோம் பதிப்பு லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்', மேக்கில் 'ஃபைல்வால்ட்' என்று இது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி இயக்குங்கள். விண்டோஸில் அப்போது கிடைக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் ஒருநாள் நீங்களே உங்கள் கணினிக்கு வெளியே நிற்க நேரிடும்.

## படி 5: சர்வர்களில் கிடப்பது

கணினியை எவ்வளவு துடைத்தாலும், கூகுள் கணக்கில் நுழைந்து தேடியவை கூகுளிடம் இருக்கும். கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தேடல்களும் யூடியூபில் பார்த்தவையும் தேதி வாரியாகத் தெரியும். அங்கேயே அழிக்கலாம். ஒரு முறை அழிப்பதைவிட 'ஆட்டோ டெலிட்' வைப்பது மேல். 3, 18, 36 மாதம் என்று மூன்று தேர்வுகள் உண்டு. 3 மாதம் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கும் இதுபோன்ற 'பிரைவசி டேஷ்போர்டு' இருக்கிறது.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஜன்னலை மூடினால் உங்கள் கணினியில் ஹிஸ்டரியும் குக்கீயும் தங்காது. அது தரும் உறுதி அவ்வளவுதான். இறக்கிய கோப்பு தங்கும். நீங்கள் போன தளத்துக்கும் உங்கள் இணைய இணைப்பு நிறுவனத்துக்கும் தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் தகவலையும் சேகரித்ததாக கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024இல் எட்டப்பட்ட சமரசத்தில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

நம்மால் அழிக்கவே முடியாதவையும் உண்டு. பாதுகாப்பான இணைப்பில் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். விபிஎன் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நினைப்பவர்கள், 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவை அறிந்திருப்பது நல்லது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அலுவலக லேப்டாப் என்றால் நிறுவனத்தின் நெட்வொர்க்கிலும் பதிவு இருக்கும். சொந்த விஷயங்களை அதில் திறக்காமல் இருப்பது ஒன்றே வழி.

## படி 6: தினசரிப் பழக்கம்

ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் மூடும்போதே ஹிஸ்டரி உட்பட எல்லாம் தானாக அழியும்படி வைக்கலாம். குரோமில் குக்கீகளுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. ஒரே கணினியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனிக் கணக்கும் தனிப் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் உடம்பைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டிய சந்தேகங்கள் இருக்கும். அதை அப்பாவும் அண்ணனும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. விருந்தினர் அஞ்சு நிமிஷம் மெயில் பார்க்கக் கேட்டால் குரோமில் 'கெஸ்ட்' ஜன்னலைத் திறந்து கொடுக்கலாம்.

## படி 7: கணினி கைமாறும்போது

விற்பதானாலும் சொந்தக்காரர் பிள்ளைக்குக் கொடுப்பதானாலும் கோப்பு கோப்பாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். வேண்டியதை வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். அதை இன்னொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று படங்களாவது திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் திஸ் பிசி' என்று போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சிறிதாக ஒரு வரி இருக்கும். பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதைத் திறந்து 'கிளீன் டேட்டா'வை இயக்கினால்தான் டிஸ்க்கின் மேல் மீண்டும் எழுதித் துடைக்கும். சார்ஜரைச் செருகியே வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். மேக்கில், ஆப்பிள் சிப் அல்லது டி2 சிப் உள்ளதும் மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடுவதுமான கணினி என்றால் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரே கட்டளையில் வேலை முடியும்.

இயங்காத கணினியைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதானால், டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கணினி செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

ரீசெட் முடிந்து, மொழியும் நாடும் கேட்கும் முதல் திரை வந்ததும் அங்கேயே அணைத்துவிடுங்கள். உங்கள் பெயரில் மறுபடி எதையும் நிரப்பாதீர்கள். கடைசியாக, போனிலிருந்து கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்குள் போய், சாதனங்களின் பட்டியலில் அந்த லேப்டாப்பின் பெயரை நீக்குங்கள். அதன்பின் சார்ஜரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.